வீட்டு லினக்ஸ் கணினியில் ஃபயர்வாலை இயக்கும் முறை

லினக்ஸில் ஃபயர்வாலை, அதாவது தேவையற்ற நெட்வொர்க் இணைப்புகளைத் தடுக்கும் காப்பை, புதிதாக நிறுவுகிறோம் என்று சொல்வது முழுச்சரியன்று. வந்துபோகும் தரவுத் துண்டுகளான பாக்கெட்டுகளைச் சலித்தெடுக்கும் நெட்ஃபில்டர், 2001-இல் வெளியான 2.4 பதிப்பிலிருந்தே லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள் இருக்கிறது. அதற்கு விதிகளை எழுதித் தருவதுதான் நம் வேலை. உபுண்டுவில் அதற்கென இருக்கும் யூஎஃப்டபிள்யூ (ufw) என்னும் கருவி, கணினியோடு சேர்ந்தே வந்தாலும் நாமாக இயக்கும்வரை அணைந்தே கிடக்கும். அதன் வரைகலை வடிவமான ஜியூஎஃப்டபிள்யூவை மென்பொருள் மையத்திலிருந்து நிறுவிக்கொள்ளலாம். ஃபெடோராவில் ஃபயர்வால்டி என்னும் வேறொரு கருவி ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருப்பதால், அங்கே யூஎஃப்டபிள்யூவையும் சேர்த்து இயக்கி விதிகளைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எதையும் மாற்றுவதற்கு முன், எந்த நிரல் எந்த போர்ட்டில் (இணைப்புகள் வந்துசேரும் எண்ணிட்ட வாசலில்) இணைப்புக்காகக் காத்திருக்கிறது என்பதை ஜியூஎஃப்டபிள்யூவின் ரிப்போர்ட் பகுதியில் பாருங்கள். பலரும் தாண்டிச் செல்லும் இந்தப் படிதான் என் பார்வையில் மிக முக்கியமானது. ஏனெனில், தேவையற்ற சேவையை நிறுத்திவிடுவது அதன் போர்ட்டை மூடுவதைவிட மேலானது. கணினி தன்னையே குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரியில் மட்டும் காத்திருப்பவற்றை வெளியிலிருந்து அணுக முடியாது என்பதால் அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அடுத்து, உள்வரும் இணைப்புகளுக்கு 'டினை' (தடு), வெளிச்செல்பவற்றுக்கு 'அலவ்' (அனுமதி) என்று வையுங்கள். நீங்கள் தொடங்கிய இணைப்புக்கு வரும் பதிலை ஃபயர்வால் அடையாளம் கண்டு உள்ளே விடும் என்பதால், இணைய உலாவலோ மின்னஞ்சலோ தடைபடாது. ஆனால் அந்தக் கணினியை எஸ்எஸ்எச் என்னும் பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாகத் தொலைவிலிருந்து இயக்குபவராக இருந்தால், போர்ட் 22-ஐ அனுமதிக்கும் விதியைச் சேர்த்த பிறகே ஃபயர்வாலை இயக்க வேண்டும். இல்லையெனில் உங்களையே வெளியே வைத்துப் பூட்டிக்கொள்வீர்கள்.

விதிகளைச் சேர்க்கையில், எல்லோருக்கும் திறந்துவிடாமல், 192.168.1.0/24 போன்ற உங்கள் வீட்டு நெட்வொர்க்கின் முகவரி வரம்புக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். சாம்பா வழியாகக் கோப்புகளைப் பகிர்பவர்களுக்கு டிசிபி, யூடிபி என்னும் இரு இணைப்பு வகைகளில் டிசிபி 139, 445 ஆகியவையும் யூடிபி 137, 138 ஆகியவையும், கைபேசியைக் கணினியோடு இணைக்கும் கேடிஇ கனெக்டுக்கு இரு வகையிலும் 1714 முதல் 1764 வரையிலான போர்ட்டுகளும் தேவைப்படும். முதலில் பொருந்தும் விதியே செல்லும் என்பதால், பொதுவான அனுமதிக்குக் கீழே எழுதப்பட்ட தடைக்குப் பயனில்லை. ரவுட்டரே காக்கும் என்றிருப்பவர்கள் கவனிக்க: வீட்டுக் கணினிகளின் முகவரிகளை ரவுட்டர் தன் முகவரியாக மாற்றுவதால் கிடைக்கும் மறைப்பு, புதிய முகவரி முறையான ஐபிவி6 இணைப்புக்குப் பொதுவாக இருப்பதில்லை. நிரல்களைத் தனித்தனிப் பெட்டகங்களில் இயக்கும் டாக்கரைப் பயன்படுத்துபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு: அது வெளியிடும் போர்ட்டுகள் யூஎஃப்டபிள்யூவின் விதிகளைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

சோதனையை அதே கணினியிலிருந்து செய்தால் எல்லாம் திறந்திருப்பதாகவே தோன்றும். வீட்டிலுள்ள இன்னொரு கணினியிலிருந்து திறந்த போர்ட்டுகளைத் தேடும் என்மேப் கொண்டு பாருங்கள். கணினி இணைப்பில் இருக்கிறதா என்று கேட்கும் பிங்குக்குப் பதில் வருகிறதே என்று திகைக்க வேண்டாம், யூஎஃப்டபிள்யூ அதை இயல்பாகவே அனுமதிக்கிறது.