தலைக்கு மேல் வளர்ந்த புளிச்சகீரை

எங்களுடையது கோவில்பட்டி பக்கம், சுத்தக் கரிசல் மண். போன வருடம் போட்ட புளிச்சகீரை முழங்கால் உயரத்திலேயே மஞ்சளடித்து நின்றுவிட்டது. சத்து போதவில்லை என்று உரம் போட்டேன், இன்னும் வாடியது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் அழுகி நாறுகிறது. மழைத்தண்ணீர் வடியவே இல்லை.

இந்த முறை 1 அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி. கரிசலை ஈரத்தோடு கிளறினால் கட்டிகட்டியாக இறுகிவிடும் என்பதால் பதம் வரும்வரை பொறுத்திருந்து, மக்கிய தொழுவுரமும் செம்மண்ணும் கலந்தேன். செடிக்குச் செடி 2 அடி. மூன்றே மாதத்தில் என் தலைக்கு மேல்! இதன் தாவரப் பெயரே ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ், அதாவது கஞ்சாவைப் போன்றது என்று பொருள். இலை அச்சு அசல் கஞ்சா மாதிரி இருக்கும். பால்காரர் இரண்டு நாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்புறம் ஒரு கட்டு கடையக் கொடுத்தேன்.