கத்தலுக்குப் பதில் ஓர் அட்டை: வீட்டிலேயே ஏ.பி.ஏ. தொடங்குவது எப்படி

பேச்சு வராத, அல்லது ஓரிரு சொல்லோடு நிற்கிற, ஆட்டிசம் உள்ள மூன்று முதல் ஏழு வயதுக் குழந்தை. வேண்டியதையெல்லாம் கத்தித்தான் கேட்கிறது. நடத்தைக்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று பார்த்து அதை மாற்றும் முறைதான் ஏ.பி.ஏ. எனப்படும் பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு. அதில் இருக்கிற முக்கியமான கருத்துகளில் பாதியை இந்த ஒரு பிரச்சினையை வைத்தே கற்றுக்கொண்டுவிடலாம். கத்தலை நிறுத்துவது எப்படி என்று தொடங்காதீர்கள். கத்தினால் குழந்தைக்கு என்ன கிடைக்கிறது என்று கண்டுபிடித்து, அதையே கத்தாமல் வாங்குவதற்கு இன்னும் சுலபமான வழியைக் கற்றுக்கொடுப்பதுதான் வேலை. இங்கே அந்த வழி, வேண்டிய பொருளின் படம் போட்ட ஓர் அட்டையைக் கொடுப்பது.

அதற்கும் முன்னால் ஒன்று. நேற்று வரை இல்லாத கத்தல் திடீரென்று வந்தாலோ, தலையில் அடித்துக்கொள்வதோ காதைப் பிடித்து இழுப்பதோ புதிதாகத் தொடங்கினாலோ முதலில் குழந்தை மருத்துவரிடம் போங்கள். காதுவலி, சொத்தைப் பல், மலச்சிக்கல் இவற்றையெல்லாம் வாய் திறந்து சொல்ல முடியாத குழந்தை நடத்தையில்தான் காட்டும். வலிக்கு அட்டை மருந்தாகாது.

நோட்டில் எழுதுவது

'அடம் பிடிக்கிறான்', 'சொன்ன பேச்சு கேட்பதில்லை' என்று எழுதி வைத்தால் எண்ண முடியாது. "அடுத்த அறைக்குக் கேட்கும்படி 3 நொடிக்கு மேல் கத்துவது, 30 நொடி அமைதிக்குப் பிறகு மறுபடி கத்தினால் அது இரண்டாவது முறை." இப்படி எழுதினால்தான் அம்மாவும் பாட்டியும் தனித்தனியே எண்ணினாலும் ராத்திரி கணக்கு ஒத்துவரும். ஒத்துவரவில்லையென்றால் வரையறை தளர்வாக இருக்கிறது, திருத்துங்கள்.

பிறகு ஐந்திலிருந்து ஏழு நாள் வரை, எதையும் மாற்றாமல், ஒவ்வொரு முறையும் மூன்று விஷயம் எழுத வேண்டும்: முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, உடனே பின்னால் என்ன கிடைத்தது. தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். எழுதினால் இப்படி இருக்கும்:

காலை 7.40. முன்: பிஸ்கட் டப்பா மேல் தட்டில், அம்மா போனில். செய்தது: டப்பாவைப் பார்த்து 40 நொடி கத்தல். பின்: பாட்டி ஒரு பிஸ்கட் கொடுத்தார்.

காலை 8.15. முன்: பல் தேய்க்கக் கூப்பிட்டோம். செய்தது: 2 நிமிடம் கத்தல், பிரஷைத் தட்டிவிட்டது. பின்: "சரி விடு, இன்னைக்கு வேணாம்."

மாலை 5.10. முன்: அப்பா மொபைலை வாங்கிக்கொண்டார். செய்தது: 3 நிமிடம் கத்தல். பின்: மொபைல் திரும்பக் கிடைத்தது.

மாலை 6.30. முன்: மொட்டைமாடியில் தனியாக. செய்தது: கையை உதறிக்கொண்டு குதித்தது. பின்: ஒன்றும் இல்லை.

முதலாவதும் மூன்றாவதும் ஒரு பொருளுக்காக. இரண்டாவது, ஒரு வேலையிலிருந்து தப்பிக்க. நான்காவதில் வெளியிலிருந்து எதுவும் கிடைக்கவில்லை. அந்த அசைவே குழந்தைக்குச் சுகம். அது யாருக்கும் கெடுதல் செய்யவில்லை, கையும் வைக்க வேண்டாம். இன்னொரு காரணம் பிறர் கவனம். அதற்கான குறிப்பில் 'பின்' என்ற இடத்தில் பெரும்பாலும் 'திட்டினேன்' என்று இருக்கும். நமக்குத்தான் அது தண்டனை. அரை மணி நேரமாக யாரும் முகம் பார்க்காத குழந்தைக்கு அம்மா ஓடிவந்து பக்கத்தில் நின்று பேசியதாகக் கணக்கு.

குறிப்பு எழுதும்போது பலர் சறுக்குவது அந்த 'பின்' இடத்தில்தான். 'ரொம்பக் கோபமாக இருந்தான்' என்று நம் ஊகத்தை அங்கே எழுதிவிடுகிறோம். நடந்தது மட்டும் வேண்டும். கத்தல் வராத நேரங்களையும் இரண்டு மூன்று குறித்து வையுங்கள், ஒப்பிட உதவும்.

1982-ல் பிரையன் இவாட்டாவும் சக ஆய்வாளர்களும், தங்களையே காயப்படுத்திக்கொள்ளும் குழந்தைகளுக்குச் சூழலை மாற்றி மாற்றி அமைத்துப் பார்த்தார்கள். வெளியே ஒரேபோலத் தெரிந்த நடத்தைக்கு ஆளுக்கு ஆள் காரணம் வேறாக இருந்தது. அந்தச் சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம். அது நடத்தையை வேண்டுமென்றே கிளப்பிப் பார்ப்பது, பயிற்சி பெற்றவர்கள் வேலை. நமக்கு நோட்டு போதும். 1985-ல் எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் காட்டியது இன்னும் நேரடியானது: தப்பிக்க ஆர்ப்பாட்டம் செய்கிற குழந்தைக்கு உதவி கேட்கும் வாக்கியத்தையும், கவனத்துக்காக ஆர்ப்பாட்டம் செய்கிற குழந்தைக்குப் பாராட்டுக் கேட்கும் வாக்கியத்தையும் கற்றுக்கொடுத்தபோது ஆர்ப்பாட்டம் குறைந்தது. வாக்கியத்தை மாற்றிக் கொடுத்தபோது குறையவில்லை. பல் தேய்க்கப் பிடிக்காமல் கத்தும் குழந்தையிடம் பிஸ்கட் அட்டையை நீட்டுவதும் அப்படித்தான்.

எது வலுவூட்டும்?

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பதுதான் வலுவூட்டல். ஒரு செயலுக்குப் பின்னால் ஏதோ நடக்கிறது, அதனால் அந்தச் செயல் இனிமேல் கூடுகிறது. கூடவில்லையென்றால் நீங்கள் கொடுத்தது பரிசாக இருக்கலாம், வலுவூட்டி ஆகாது. பல் தேய்ப்பதை விட்டுக்கொடுத்ததும் வலுவூட்டல்தான்: பிடிக்காதது விலகியது, கத்தல் வலுத்தது. எதிர்மறை வலுவூட்டல் என்பது இதுவே. பி.எட். மாணவர்கள் இதைத் தண்டனையோடு குழப்பிக்கொள்கிறார்கள். தண்டனை நடத்தையைக் குறைக்கும், இது கூட்டும்.

குழந்தைக்கு எது பிடிக்கும் என்பதை நாம் முடிவு செய்யக் கூடாது. ஒரு தட்டில் ஐந்து பொருள் வரிசையாக: முறுக்குத் துண்டு, பிஸ்கட் துண்டு, சோப்புக் குமிழி பாட்டில், பம்பரம், விளக்கெரியும் பந்து. ஒன்றை எடுக்கட்டும். தின்றோ 30 நொடி விளையாடியோ முடித்ததும் அந்தப் பொருளை வரிசையிலிருந்து விலக்கி, மிச்சத்தை இடம் மாற்றி வைத்து மறுபடி நீட்டுங்கள். ஐந்தும் தீரும்வரை. எடுத்த வரிசைதான் விருப்ப வரிசை. வாரம் ஒருமுறை திரும்பப் பாருங்கள், ரசனை மாறும்.

அளவு சிறிதாக இருக்க வேண்டும். ஒரு பிஸ்கட்டை எட்டாக உடையுங்கள். முழுசாகக் கொடுத்தால் நாலாவது முறையிலேயே வயிறு நிறைந்து, கேட்கக் காரணம் இல்லாமல் போகும். சாப்பிட்டு எழுந்ததும் பயிற்சி வேண்டாம். அதற்காக வேளைச் சோற்றைப் பிடித்துவைத்துப் பசியில் பழக்குவது கூடவே கூடாது.

அட்டை கற்றுக்கொடுக்கும் முறை

உங்கள் வீட்டு பிஸ்கட் டப்பாவையே போட்டோ எடுத்து, 5 செ.மீ. சதுரமாக பிரின்ட் போட்டு லேமினேட் செய்யுங்கள். இணையத்தில் எடுத்த கார்ட்டூன் பிஸ்கட் படம் குழந்தைக்கு பிஸ்கட்டாகத் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. சைகையும் கற்றுக்கொடுக்கலாம், ஆனால் அட்டையை ஆட்டோக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும்கூடப் புரிந்துகொள்வார்கள். அட்டை பழகினால் பேச்சு வராது என்கிற பயம் பரவலாக இருக்கிறது. அதற்கு ஆதாரம் இல்லை.

இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் எதிரே, கையில் பிஸ்கட் துண்டோடு. இன்னொருவர் குழந்தைக்குப் பின்னால், வாய் திறக்காமல். அட்டை, குழந்தைக்கும் எதிரே இருப்பவருக்கும் நடுவில். குழந்தையின் கை பிஸ்கட்டை நோக்கி நகரும் அந்த நொடியில், பின்னால் இருப்பவர் அந்தக் கையை மெதுவாக அட்டைக்குக் கொண்டுபோய், எடுக்க வைத்து, எதிரே இருப்பவரின் உள்ளங்கையில் வைக்கச் செய்கிறார். வைத்த கையோடு "பிஸ்கட்!" என்று சொல்லித் துண்டைக் கொடுக்க வேண்டும். "சமத்து, அட்டை கொடுத்தியா" என்று பேசிவிட்டு ஐந்து நொடி கழித்துக் கொடுத்தால், அதற்குள் குழந்தை செய்த வேறு ஏதோ ஒன்றுக்குக் கூலி போய்ச் சேர்ந்துவிடும்.

எதிரே இருப்பவர் "என்ன வேணும்?" என்று கேட்கக் கூடாது. நாலு நாள் கேட்டால், கேட்காதவரை குழந்தை அட்டையைத் தொடாது. வாய்மொழி உதவியைக் குறைப்பதுதான் இருப்பதிலேயே கடினம். கையால் செய்யும் உதவியைப் படிப்படியாகக் குறைக்கலாம்: மணிக்கட்டு, பிறகு முழங்கை, பிறகு தோளில் ஒரு தொடுகை, பிறகு தொடாமல் பின்னால் நிற்பது மட்டும். குழந்தை கையை உதறினால் அங்கேயே விட்டுவிடுங்கள். பிடித்து இழுத்தால் அட்டையே பயமாகிவிடும்.

ஒரு அமர்வுக்கு 10 முறை, ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று அமர்வு. முதல் நாள் உதவி உடனே. அடுத்து 2 நொடி காத்துவிட்டு உதவி, பிறகு 4 நொடி. தொடர்ந்து இரண்டு முறை தவறினால் ஒரு படி இறங்குங்கள். இரண்டு நாள் தொடர்ந்து, 10-ல் 8 முறை உதவியில்லாமல், ஒரு முறையாவது வேறொரு ஆளிடமும் கொடுத்தால் பழகிவிட்டது என்று அடுத்த அட்டைக்குப் போகலாம். இந்தக் கட்டத்தில் அட்டை வந்தால் பொருள் கிடைத்தே ஆக வேண்டும், நாற்பதாவது தடவையாக இருந்தாலும். "பிஸ்கட்டாவே தின்னா சோறு எப்படி இறங்கும்" என்று பாட்டி கேட்பது நியாயம். குமிழி, பம்பரம் அட்டைகளை அதனால்தான் சீக்கிரம் சேர்க்கச் சொல்வது.

அட்டைக்கு முன்னாலேயே கத்தல் தொடங்கிவிட்டால்? பதறி அட்டையைக் கையில் திணிக்காதீர்கள். திணித்தால் 'கத்து, அட்டை கொடு, பிஸ்கட் வாங்கு' என்று மூன்றும் ஒரே தொடராகக் கோத்துக்கொள்ளும். மூச்சு வாங்க நிற்கும் 3 நொடி இடைவெளி வரும். அதில் உதவி செய்யுங்கள்.

ஏழாவது நிமிடம்

அட்டை நன்றாகப் பழகிய பிறகே கத்தலுக்குக் கிடைத்ததை நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் கத்தல் முதலில் கூடும். சத்தமும் நேரமும் ஏறும், பொருளை எறிவதுபோலப் புதிதாகவும் ஏதாவது வரலாம். முறை தோற்றதாக நினைத்துப் பல வீடுகள் இங்கேதான் கைவிடுகின்றன. ஆறு நிமிடம் தாக்குப்பிடித்து ஏழாவதில் கொடுத்தால், 'ஏழு நிமிடம் கத்தினால் கிடைக்கும்' என்பதுதான் பாடம். எப்போதாவது மட்டும் விழுகிற பரிசு நடத்தையை இன்னும் பிடிவாதமாக்கும், லாட்டரிச் சீட்டு வாங்குபவரைப் போல.

வீட்டில் எல்லாரும் ஒத்துவர மாட்டார்கள் என்று தெரிந்தால் இந்தப் படியைத் தொடங்கவே வேண்டாம். ஏழாவது நிமிடம் கொடுப்பதைவிட முதல் முனகலுக்கே கொடுத்துவிடுவது மேல். தலையை மோதிக்கொள்ளும், கடித்துக்கொள்ளும் குழந்தைக்கு இதைத் தொழில்முறை ஆள் கூட இல்லாமல் செய்யக் கூடாது.

பிறகு 'இரு'. அட்டை வந்ததும் "இரு" என்று சொல்லி 1 நொடியில் கொடுங்கள். அடுத்து 2, 5, 10 நொடி. நடுநடுவே காக்க வைக்காமலும் கொடுக்க வேண்டும். முதல் நாளே ஐந்து நிமிடம் காக்க வைத்தால் பழைய கத்தல் வாசலில் நிற்கும். பல் தேய்ப்பதற்கு 'போதும்' அட்டை: மூன்று இழுப்பு, அட்டை, 30 நொடி ஓய்வு, மறுபடி மூன்று. இழுப்புகளை மெல்லக் கூட்டலாம்.

கத்தல் எண்ணிக்கையை கிராஃப் தாளில் நாள்தோறும் புள்ளி வையுங்கள், அட்டை தானாக வந்த எண்ணிக்கையை வேறு நிறத்தில். வேலையில் எண்ணுவது சிரமமாக இருந்தால் வலது பாக்கெட்டில் பத்துப் புளியங்கொட்டை. கத்தலுக்கு ஒன்று இடது பாக்கெட்டுக்கு. அட்டை தொடங்கிய நாளில் தாளில் ஒரு செங்குத்துக் கோடு. ஒரு வாரமாகப் புள்ளிகள் அசையவில்லையென்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: பொருள் சலித்துவிட்டதா, அட்டை கைக்கெட்டாத உயரத்தில் இருக்கிறதா, யாராவது ரகசியமாகக் கத்தலுக்குக் கூலி கொடுக்கிறார்களா. பெரும்பாலும் மூன்றாவதுதான்.

ஏ.பி.ஏ. சென்டர் தேடுகிறவர்களுக்கு

உளவியலாளர் ஐவார் லோவாஸ் 1987-ல் வெளியிட்ட ஆய்வில் வாரம் 40 மணி நேரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரண வகுப்பில் படிக்கும் நிலைக்கு வந்ததாக எழுதினார். 'வாரம் 40 மணி நேரம்' என்ற பேச்சு பரவியது அங்கிருந்துதான். அவருடைய பழைய பயிற்சிகளில் அடியும் மின்னதிர்ச்சியும் இருந்தன என்பதைப் பலர் சொல்வதில்லை. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் இன்று ஏ.பி.ஏ.வை எதிர்ப்பதில் அந்த வரலாற்றுக்கும், கண்ணைப் பார், கையை உதறாதே என்று குழந்தையை 'நார்மலாக' நடிக்க வைக்கும் பயிற்சிகளுக்கும் பங்கு உண்டு. ஆகவே சென்டரில் முதலில் இலக்குகளைக் கேளுங்கள். 'கை உதறல் நிறுத்தம்' முதல் வரியில் இருந்தால் எழுந்து வாருங்கள். பெற்றோர் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா, டேட்டா தாளைக் காட்டுவார்களா, குழந்தை வேண்டாம் என்று விலகினால் என்ன செய்வார்கள் என்றும் கேட்க வேண்டும். ஸ்பெஷல் எஜுகேட்டருக்கு ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் இருக்கும். நடத்தைப் பகுப்பாய்வாளர்களுக்குச் சான்று தரும் அமெரிக்க வாரியமான பி.ஏ.சி.பி.யின் சான்றிதழுக்கு 2023 முதல் இந்தியாவில் இருப்பவர்களிடமிருந்து புது விண்ணப்பம் எடுப்பதில்லை. 'இப்போதுதான் இங்கிருந்தே வாங்கினேன்' என்பவரிடம் விவரம் கேளுங்கள்.

அட்டை தொலையும், கிழியும், வாஷிங் மெஷினுக்குள் போகும். ஒரே நாளில் பத்துப் பிரதி போட்டுவிடுங்கள்: ஒன்று பள்ளி ஆயாவிடம், ஒன்று பாட்டி வீட்டு ஃபிரிட்ஜ் கதவில், ஒன்று வண்டிச் சாவிக் கொத்தில்.