காலிக் கோட்டையின் மாற்றங்களை நடந்தறிவது எப்படி

இலங்கையின் தென்கரையில் உள்ள காலிக் கோட்டையைப் பார்த்துத் திரும்பும் பயணிகள் பலர் அதைப் பழைமை மாறாத ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) நகரம் என்பார்கள். மாறாததுபோல் அது தோன்றுவதற்குக் காரணமும் ஒரு மாற்றமே. கொழும்பில் அலைதடுப்புச் சுவர் எழுந்து, 1880களில் நீராவிக் கப்பல்கள் அங்கே திரும்பிவிட்டதால் காலியின் வணிகம் ஒடுங்கியது. இடித்துப் புதிதாகக் கட்டுமளவுக்குக் கோட்டைக்குள் பணம் புழங்கவில்லை. இதை மனத்தில் இருத்திக்கொண்டு நடக்கத் தொடங்குங்கள்.

முதலில் வெளியே, கிரிக்கெட் மைதானத்தருகே நின்று மதிலைப் பாருங்கள். 2004 சுனாமி மைதானத்தையும் பேருந்து நிலையத்தையும் சூறையாடியது. மதிலுக்குள் இருந்த தெருக்கள் பெரும்பாலும் தப்பின.

1873இல் பிரித்தானியர் திறந்த பெரிய வாயிலைத் தவிர்த்து, துறைமுகப் பக்கத்துப் பழைய வாயில் வழியே நுழையுங்கள். அதன் வெளிமுகத்தில் பிரித்தானிய அரச முத்திரை இருக்கிறது. உள்ளே சென்றதும் திரும்பி அண்ணாந்து பார்த்தால், இரு சிங்கங்கள் தாங்கிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரையும், அதன்மேல் ஒரு சேவலும், 1669 என்ற ஆண்டும் தெரியும். 1640இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த கோட்டையை 1796இல் இழந்தவர்களின் அடையாளம் உட்புறத்திலும், அதைப் பெற்றவர்களின் அடையாளம் வெளிப்புறத்திலும் நிற்கின்றன. பெரும்பாலோர் திரும்பிப் பார்ப்பதில்லை.

அடுத்து லெய்ன் பான் தெரு. ஒல்லாந்த மொழியில் அது கயிறு திரிக்கும் இடத்தைக் குறிக்கும். இன்று அங்கே கயிறு இல்லை. நகைக்கடையும் காப்பிக்கடையும் இருக்கின்றன. யுனெஸ்கோ 1988இல் இக்கோட்டையை உலக மரபுச் சின்னமாக ஏற்றபின் கட்டடத்தின் முகப்பு காக்கப்பட்டாலும், உள்ளே வாழ்வோர் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஆகவே முகப்பைப் படமெடுப்பதோடு நில்லாமல், மாலையில் ஒரே ஒரு தெருவைத் தேர்ந்து, முன்தாழ்வாரத்தில் வீட்டார் அமர்ந்திருக்கும் வீடுகள் எத்தனை, உணவுப் பட்டியல் தொங்கும் வீடுகள் எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். என் பார்வையில், வழிகாட்டி சொல்லும் எந்தக் கதையையும் விட அந்தக் கணக்கு பயனுள்ளது. கலங்கரை விளக்கத்தருகே தேவாலயம்போல் தோன்றும் மீரான் பள்ளிவாசலில் தொழுகைக்கு வருவோரையும் கவனியுங்கள். கோட்டை இன்னும் குடியிருப்பாகவும் இருப்பது அங்கே தெளிவாகும்.

கோட்டைக்கும் முந்தைய காலியைக் காண, கொழும்பு தேசிய அருங்காட்சியகம் செல்ல வேண்டும். 1911இல் காலியில் ஒரு மதகில் கிடைத்த கல்வெட்டு அங்கே உள்ளது. 1409ஆம் ஆண்டைச் சேர்ந்த அதில் சீனம், பாரசீகம், தமிழ் ஆகிய மூன்று மொழிகள் உள்ளன. சீனப் பேரரசர் தெனவரை நாயனார் என்னும் தெய்வத்துக்கு அளித்த காணிக்கைகளைத் தமிழ்ப் பகுதி பட்டியலிடுகிறது.