‘பழசெல்லாம் ஞாபகம் இருக்கே, நடிக்கிறான்!’ – தலையில் அடிபட்டவர் வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் தலையில் அடிபட வழிகள் அதிகம். செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை ஒன்று 20 கிலோ கனக்கும், மட்டை மேலிருந்து விழும், விடியற்காலை இருட்டில் கப்சாய் எனும் சிறிய மோட்டார் சைக்கிள் சறுக்கும். தையல் பிரித்து ஆள் நடமாடத் தொடங்கியதும் வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். மறதித் தொல்லை கண்ணில் படுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

முதலில் நடக்கும் தவறு, ‘நடிக்கிறான்’ என்று முடிவு கட்டுவது. “பதினைஞ்சு வருசத்துக்கு முந்தி லயத்துல யார் எந்த வீட்டுல இருந்தாங்கன்னு வரிசையா சொல்றான், காலையில சொன்னது மட்டும் மறந்து போச்சாம்!” இரண்டுமே உண்மையாக இருக்கலாம். மூளையின் முன்பகுதியும் காதோரப் பகுதியும் மண்டையோட்டின் உள்மேடுகளில் மோதி எளிதில் காயப்படும். கவனம், திட்டமிடல், புதியதைப் பதியவைத்தல் ஆகியவற்றுக்கு முக்கியமான இடங்கள் அவை. எப்போதோ பதிந்த பழைய நினைவுகள் பெரும்பாலும் தப்பிவிடும். விபத்து நடந்த நேரத்தை மட்டும் “நல்லா யோசி” என்று துருவிக் கேட்பது வீண். அது பதிவாகவே இல்லை என்றால் எங்கிருந்து வரும்?

மறதி என்று நாம் சொல்வதில் பாதி, காதில் ஏறாத பேச்சு. தொலைக்காட்சி ஓட, குழந்தை அழ, சமையற்கட்டிலிருந்து மூன்று வேலையைச் சேர்த்துச் சொன்னால் ஒன்றும் தங்காது. சத்தத்தை அணைத்து, முகத்தைப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு விஷயம் சொல்லுங்கள். அதையே அவர் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்தது, பார்க்க வருகிறவர்கள் நடத்தும் பரீட்சை. “நான் யாரு, சொல்லு பார்ப்போம்?” என்றால் அவர் ஊகித்துத் தப்பாகச் சொல்வார். புது நினைவு பலவீனமானவருக்கு, நாம் திருத்தியது தங்காமல் அவர் சொன்ன தப்பே மனத்தில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. “ஈப்போ சித்தி வந்திருக்காங்க” என்று விடையை முதலிலேயே கொடுத்துவிடுவது நல்லது.

நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுப்பவர்கள் பலர், சரியாக வைப்பவர்கள் சிலர். ஒரே ஒரு நோட்டு போதும். நான்கு இடத்தில் நான்கு சீட்டு இருந்தால் எதில் எழுதினோம் என்பதே மறந்துபோகும். அதை ஒரே இடத்தில், பேனாவைக் கயிற்றில் கட்டி வையுங்கள். பக்கத்தின் இடப்புறம் செய்ய வேண்டியது, வலப்புறம் செய்து முடித்த நேரம்: ‘பிரஷர் மாத்திரை – போட்டாச்சு 7.40’. வலப்புறம்தான் முக்கியம். மாத்திரையைப் போட மறப்பதைவிட, போட்டதை மறந்து மறுபடி போடுவது பல சமயம் ஆபத்தானது. ஏழு நாள் மாத்திரைப் பெட்டியும் கூடவே இருக்கட்டும். கைப்பேசி அலாரத்தில் செய்ய வேண்டிய வேலையின் பெயர் வர வேண்டும். வெறும் மணி அடித்தால் அதை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

லேசான அடி என்றால் ஓய்வு 24 முதல் 48 மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடமாட்டம். மாதக்கணக்கில் இருட்டறையில் படுக்க வைப்பதும் தப்பு, இரண்டாம் நாளே குலை வெட்ட அனுப்புவதும் தப்பு. நீளக் கழி அரிவாள், டிராக்டர், மோட்டார் சைக்கிள் எல்லாம் மருத்துவர் சரி சொன்ன பிறகே. களைக்கொல்லியை ஏற்கெனவே தொட்டியில் ஊற்றினோமா என்று சந்தேகப்படும் ஆளிடம் பம்பைக் கொடுக்கக் கூடாது. திரும்பும்போது காலையில் அரை நாள் லேசான வேலை போதும், பிற்பகலில் மூளை களைத்துவிடும். மதுவை அறவே நிறுத்த வேண்டும். மறதியைக் கூட்டுவதோடு வலிப்புக்கும் அது வழிவிடும். வல்லாரைக் கீரை சாப்பிடுவதில் தப்பில்லை, அதை நம்பி மருத்துவர் கொடுத்த தேதியைத் தள்ளிப்போடுவதுதான் தப்பு.

‘ஸ்கேன்ல ஒன்னும் இல்ல’ என்பதோடு பேச்சை முடித்துக்கொள்பவர்கள் அதிகம். சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும், நுண்ணிய நரம்பிழைகளின் சேதம் அதில் பெரும்பாலும் தெரியாது. வயதானவர்களிடம் இன்னொரு வில்லங்கம் உண்டு. குளியலறையில் லேசாக வழுக்கியிருந்தால்கூட ரத்தம் மெல்லக் கசிந்து சில வாரம் கழித்துக் குழப்பம், தள்ளாட்டம் என்று வெளிப்படும். வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து கூடுதல். ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பியும் எழாத மயக்கம், வலிப்பு, ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் – இதில் ஒன்று தெரிந்தாலும் கிளினிக் திறக்கக் காத்திருக்காமல் 999 அவசர எண்ணை அழையுங்கள்.

சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) விஷயத்தில் நடக்கும் தவறு முதல் நாளே தொடங்குகிறது. ‘நெற்றியில் காயம்’ என்று மட்டும் பதிவாகி, நினைவு தப்பியதும் குழம்பியதும் விட்டுப்போகும். பிறகு மறதிக்கு ஆதாரம் தேடி அலைய வேண்டும். வேலை இடத்து விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் நடந்ததும் இதில் சேரும். சாலை விபத்தென்றால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார். அடுத்த சந்திப்புக்கு அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். தன் மறதி அவருக்கே தெரியாமல் ‘நல்லா இருக்கேன் டாக்டர்’ என்று சொல்லிவிட்டு வருவார். கூடவே போகிறவர், ‘அடுப்பை அணைக்கவில்லை, செவ்வாய் காலை’ என்பது போல இரண்டு வாரத்துக் குறிப்பைத் தேதியோடு எழுதி எடுத்துப் போகட்டும்.