அம்பாசடருக்கு மூன்றாவது பிரேக் விளக்கு: உடலில் ஒரு துளைகூடப் போடாமல் பொருத்தும் முறை

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குச் செல்லும் சாலையில் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று ஊருக்கு ஊர் வேகத்தைக் குறைத்துத்தான் வண்டி ஓட்ட வேண்டியிருக்கிறது. பின்னால் வரும் பேருந்தின் ஓட்டுநர் உயரமான இருக்கையில் அமர்ந்திருப்பார். அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய கார்களின் பின்விளக்குகளோ சிறியவை, தாழ்வாக இருப்பவை. இடையில் ஒரு ஆட்டோ புகுந்துவிட்டால் அந்த இரண்டு விளக்குகளும் பின்னால் வருபவரின் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பின்கண்ணாடியின் உயரத்தில், நடுவில் எரியும் மூன்றாவது விளக்கு இருந்தால், அது இடையில் நிற்கும் காரின் கண்ணாடிகளை ஊடுருவியும் இருசக்கர வண்டிகளுக்கு மேலாகவும் தெரியும்.

இந்த விளக்கின் பயன் வெறும் ஊகம் அன்று. 1970-களில் சான் பிரான்சிஸ்கோ நகர டாக்சிகளில் இதைப் பொருத்திச் சோதித்தார்கள். 1986-ஆம் ஆண்டு மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயமாயிற்று. ஏறத்தாழ எல்லாக் கார்களிலும் இது வந்துவிட்ட பிறகு, 1998-இல் அந்நாட்டு நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் வெளியிட்ட அறிக்கை, பின்மோதல் விபத்துகள் இதனால் சுமார் 4 விழுக்காடு நிலையாகக் குறைந்திருப்பதாகக் கணக்கிட்டது. இன்று சாலையில் ஓடும் புதிய கார்களில் பெரும்பாலானவற்றில் இந்த விளக்கு இருப்பதால், பின்னால் வருபவரின் கண் தானாகவே அந்த இடத்தைத்தான் தேடுகிறது. அங்கே ஒன்றும் எரியாத பழைய கார்தான் பின்தங்கி நிற்கிறது என்பது என் கருத்து.

தொடங்கும் முன் பார்க்க வேண்டிய இரண்டு

முதலாவது, வண்டியின் மின்னழுத்தம். பேட்டரியின் மேல் ஊற்றுமூடிகள் ஆறு இருந்தால் அது 12 வோல்ட். மூன்றே இருந்தால் 6 வோல்ட். மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் 6 வோல்ட் பேட்டரி இருக்கும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் விளக்குகள் அவற்றில் சரியாக எரியமாட்டா.

இரண்டாவது, பேட்டரியின் எந்த முனை வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்பது. இன்றைய கார்களில் நெகட்டிவ் முனைதான் உடலுக்குப் போகும். ஆனால் ஆங்கிலேய வடிவமைப்பைப் பின்பற்றிய பழைய வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனை உடலோடு இணைந்திருக்கும். சாதாரண பல்புக்கு இதில் வேறுபாடு இல்லை, எல்.இ.டி. விளக்கோ தலைகீழாக இணைத்தால் எரியாது. பாசிட்டிவ் எர்த் உள்ள வண்டியில் விளக்கின் சிவப்பு வயரை உடலோடும், கறுப்பு வயரைப் பிரேக் வயரோடும் இணைக்க வேண்டும். விளக்கின் உலோகக் கூடு உடலைத் தொடாதபடி இடையில் ரப்பர் கொடுப்பதும் அவசியம்.

முதற்படி: இருக்கும் விளக்குகளைச் சரிசெய்தல்

மூன்றாவது விளக்கை மாட்டும் அவசரத்தில் முதல் இரண்டையும் மறந்துவிடக் கூடாது. இக்னிஷனைப் போட்டு, வீட்டில் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, பின்னால் நின்று இரண்டும் ஒரே அளவு பிரகாசமாக எரிகின்றனவா என்று பாருங்கள். ஒன்று மங்கலாக இருந்தால், கண்ணாடி மூடியைக் கழற்றி பல்பை அழுத்தித் திருப்பி எடுங்கள். கடற்காற்று அடிக்கும் நம் ஊர்களில் பித்தளை ஹோல்டரின் உள்விளிம்பில் பச்சைக் களிம்பு படிந்திருப்பதைப் பெரும்பாலும் காணலாம். அடியில் உள்ள சிறு ஸ்பிரிங் முனைகள் கறுத்து, அழுத்தினால் மீளாமல் சிக்கி நிற்கும். மெல்லிய உப்புத்தாளால் பளபளக்கும் வரை தேய்த்து, மிகச் சிறிதளவு வாசலின் தடவி, பல்பைத் திரும்ப மாட்டுங்கள். பாதி வண்டிகளின் குறை இதிலேயே தீர்ந்துவிடும்.

பிரேக் சுவிட்ச்சையும் இப்போதே பார்த்துவிடலாம். பழைய வண்டிகள் பலவற்றில் அது பிரேக் எண்ணெய்க் குழாயின் வழியில் திருகப்பட்டு, எண்ணெயின் அழுத்தத்தால் இயங்குவது. அதன் அடியில் ஈரம் கசிந்திருந்தாலோ, மிகவும் அழுத்தி மிதித்தால்தான் விளக்கு எரிகிறது என்றாலோ, சுவிட்ச்சை மாற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு போக வேண்டும். எண்ணெய் கசிவு என்பது விளக்கைவிடப் பெரிய விஷயம். அந்த வேலையையும், அதன் பிறகு குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவதையும் பழகிய மெக்கானிக்கிடம் விடுங்கள்.

இரண்டாம் படி: விளக்கைத் தேர்ந்தெடுத்தல்

எல்.இ.டி. விளக்கையே வாங்குங்கள். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. வழக்கமான பிரேக் பல்புகள் ஒவ்வொன்றும் 21 வாட். இரண்டும் சேர்ந்து 12 வோல்ட்டில் சுமார் 3.5 ஆம்பியர் இழுக்கின்றன. மூன்றாவதாக இன்னொரு 21 வாட் பல்பைச் சேர்த்தால் பழைய சுவிட்ச்சின் மேல் சுமை ஒன்றரை மடங்காகும். எல்.இ.டி. விளக்கோ அரை ஆம்பியரைக்கூட எட்டாது. ஆகவே சுவிட்ச்சின் சுமையைத் தான் ஏற்றுக்கொள்ளும் ரிலே எதுவும் வேண்டியதில்லை. அடுத்த காரணம் வேகம். பல்பின் இழை சூடாகி முழு ஒளியைத் தருவதற்குள் எல்.இ.டி. ஏறத்தாழ 0.2 வினாடி முந்திக்கொண்டு எரிந்துவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த 0.2 வினாடியில் மூன்று மீட்டருக்கு மேல் ஓடிவிடும் என்பதால், இந்தச் சிறு வேறுபாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

விளக்கின் மேல் 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய டைனமோவும் ரெகுலேட்டரும் உள்ள வண்டிகளில் மின்னழுத்தம் ஏறி இறங்கும், 12 வோல்ட்டுக்கு மட்டும் செய்த மலிவான விளக்கு சீக்கிரம் கருகிவிடும். நிறம் சிவப்பாகத்தான் இருக்க வேண்டும். மினுக்கி மினுக்கி எரியும் வகையும், ஓடும் வகையும் வேண்டவே வேண்டாம்; பின்னால் வருபவருக்கு அது பிரேக்கா, இண்டிகேட்டரா, அலங்காரமா என்று யோசிக்க நேரம் கிடையாது.

இதோடு 1 சதுர மில்லிமீட்டர் வயர் மூன்று மீட்டர், வயரின் இடையில் மாட்டும் ஃபியூஸ் ஹோல்டர், 2 ஆம்பியர் ஃபியூஸ், வளையமுனை ஒன்று, கிரிம்பிங் இணைப்பான்கள் (வயர் முனைகளை உள்ளே விட்டு நசுக்கி இணைக்கும் குழல்கள்), சூட்டில் சுருங்கும் ஸ்லீவ், டெஸ்ட் லைட் (வயரில் மின்சாரம் இருந்தால் எரிந்து காட்டும் சிறு விளக்கு) ஆகியவை போதும். ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

மூன்றாம் படி: இடம்

டிக்கியின் மூடியில் துளையிட்டு விளக்கை மாட்டுவது எளிது. ஆனால் அந்தத் துளையின் விளிம்பில்தான் உப்புக்காற்று முதலில் துருவைத் தொடங்கும். மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுபோன பிறகு, நல்ல மூடி ஒன்றைத் தேடிப் பிடிப்பது லேசான காரியம் அன்று. எனவே பின்கண்ணாடிக்கு உட்புறம், பின்னிருக்கைக்குப் பின்னால் உள்ள தட்டின்மேல், சரியாக நடுவில் வைப்பதே சிறந்தது. கண்ணாடியின் இரு ஓரங்களிலிருந்தும் டேப் வைத்து அளந்து, நடுப்புள்ளியை மாஸ்கிங் டேப்பால் குறித்துக்கொள்ளுங்கள்.

உட்புறம் வைப்பதில் ஒரு தொல்லை உண்டு. விளக்கின் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, இரவில் ஓட்டுநரின் முன்னுள்ள கண்ணாடியில் சிவப்பாக வந்து விழும். இதைத் தடுக்க, விளக்கைச் சுற்றிக் கறுப்பு ரப்பர் அல்லது அடர்த்தியான ஃபோம் பட்டையை ஒட்டி, அதன் விளிம்பு கண்ணாடியின் சாய்வுக்கு ஏற்ப வெட்டப்பட்டு இடைவெளியின்றிக் கண்ணாடியைத் தொடும்படி செய்ய வேண்டும். பின்கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் அதை உரித்துவிடுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 100-ஆம் விதி பின்கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு ஒளியை விட வேண்டும் என்கிறது, நமக்கும் விளக்கின் ஒளி முழுமையாக வெளியே போக வேண்டும்.

நான்காம் படி: சரியான வயரைக் கண்டறிதல்

தொடக்கநிலையில் இருப்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான்; ஆகவே பொறுமையாகச் செய்யுங்கள். ஒவ்வொரு பின்விளக்குக்கும் டிக்கியின் உள்ளிருந்து பல வயர்கள் போகும்: பார்க்கிங், பிரேக், இண்டிகேட்டர், எர்த். ஆங்கிலேய முறையில் பிரேக் வயர் பச்சை நிறத்தில் ஊதாக் கோடு போட்டது. ஆனால் பல கைகள் மாறிய வண்டியில் நிறத்தை நம்பக் கூடாது. டெஸ்ட் லைட்டை மட்டுமே நம்புங்கள்.

டெஸ்ட் லைட்டின் கிளிப்பைச் சுரண்டிய சுத்தமான உலோகத்தில் மாட்டுங்கள். எல்லா விளக்குகளையும் அணைத்து, இக்னிஷனை மட்டும் போடுங்கள். உதவிக்கு இருப்பவர் பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் எரிந்து, விட்டவுடன் அணையும் வயரே நீங்கள் தேடுவது. பிறகு பார்க்கிங் விளக்கையும், இரண்டு பக்க இண்டிகேட்டர்களையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். அப்போது அந்த வயரில் மின்சாரம் வரவே கூடாது. இண்டிகேட்டர் போடும்போது அதே வயர் மினுக்கினால், உங்கள் வண்டியில் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே பல்பு இழை பயன்படுகிறது என்று பொருள். அங்கே இணைத்தால் மூன்றாவது விளக்கும் சேர்ந்து மினுக்கும். அத்தகைய வண்டியில் முன்னால், பிரேக் சுவிட்ச்சிலிருந்து வெளியேறும் வயரிலிருந்தே இணைப்பு எடுக்க வேண்டும். வயரின் நீளம் ஐந்தாறு மீட்டர் ஆகும்.

ஐந்தாம் படி: இணைத்தல்

வயரை அடையாளம் கண்ட பிறகு பேட்டரியைக் கழற்றுங்கள். உடலோடு சேர்ந்த எர்த் முனையைத்தான் முதலில் கழற்ற வேண்டும். மற்ற முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் தவறி உடலைத் தொட்டால் தீப்பொறி பறக்கும்.

வயரைக் குத்திப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளை நம் கரையோரத்தில் பயன்படுத்தாதீர்கள். குத்திய இடத்தில் ஈரம் புகுந்து ஒரு மழைக்காலத்துக்குள் செம்பு பச்சையாகிவிடும். பிரேக் வயரை வெட்டி, முனைகளை உரித்து, புதிய வயரையும் சேர்த்து கிரிம்ப் செய்து, அதன்மேல் ஸ்லீவைச் சுருக்குங்கள். பெட்ரோல் டேங்க்கின் அருகில் சால்டரிங் செய்யவோ நெருப்பு காட்டவோ கூடாது. ஸ்லீவைச் சுருக்கச் சூடான காற்று தரும் கருவியை, டிக்கியை நன்றாகக் காற்றாட விட்ட பிறகே பயன்படுத்துங்கள். இணைத்த இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வர வேண்டும். புதிய வயர் எங்கே உரசி அறுந்தாலும் ஃபியூஸ் மட்டும் போகும், பழைய இரண்டு விளக்குகளும் தொடர்ந்து எரியும்.

வயரைப் பழைய வயர்க்கட்டின் ஓரமாகவே கொண்டுபோய், ஏற்கெனவே உள்ள துளை வழியாகப் பின்தட்டுக்கு ஏற்றுங்கள். தகட்டின் விளிம்பைத் தாண்டும் இடத்தில் ரப்பர் குரோமெட் (துளையின் விளிம்பை மூடும் வளையம்) கட்டாயம். டிக்கி மூடியின் கீலும், வைக்கும் பெட்டி படுக்கைகளும் வயரில் உரசாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

எர்த்துக்கு ஏற்கெனவே உள்ள ஒரு போல்ட்டைத் தேர்ந்தெடுத்து, அதைச் சுற்றியுள்ள பெயின்ட்டைக் காசளவுக்குச் சுரண்டி வெள்ளையாக்கி, வளையமுனையை வைத்துப் பல் வாஷரோடு இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். பின்விளக்கின் பழைய எர்த்தையே பகிர்ந்துகொள்ள வேண்டாம். அது பழுதானால் மின்சாரம் வேறு இழைகளின் வழியாகத் திரும்பி, புதிய விளக்கும் கண்டபடி மங்கலாக எரியும்.

ஆறாம் படி: சோதனை

பேட்டரியை மாட்டி, பிரேக், பார்க்கிங், முன்விளக்கு, இரண்டு இண்டிகேட்டர்கள் என ஒவ்வொன்றையும் தனியாகவும் சேர்த்தும் போட்டுப் பாருங்கள். மூன்றாவது விளக்கு பிரேக்குக்கு மட்டுமே எரிய வேண்டும். பிரேக்கை விட்ட பிறகும் இருட்டில் லேசாக ஒளிர்ந்தால், ஈரம் படிந்த ஏதோ ஓர் இணைப்பின் வழியாகச் சிறிது மின்சாரம் கசிகிறது, எல்.இ.டி.க்கு அந்தச் சிறு அளவே போதும். ரெசிஸ்டர் போட்டு அதை மறைக்காமல், கசியும் இணைப்பைத் தேடிச் சுத்தம் செய்யுங்கள்.

அடுத்து, நண்பகல் வெயிலில் இருபது அடி தள்ளி நின்று பாருங்கள். பிறகு ஒரு ஸ்டூலின்மேல் ஏறி, பேருந்து ஓட்டுநரின் கண் உயரத்திலிருந்து பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது ஒளி குறைந்தால் விளக்கின் ஒளிரும் முகத்தின் பக்கம் அடியில் சிறு ஆப்பு வைத்து, முகம் தரையை நோக்கிச் சாயாமல் நேராக நிற்கும்படி நிமிர்த்துங்கள்.

ஒவ்வொரு ஆண்டும் ஐப்பசி மழை தொடங்கும் முன், ஃபியூஸ் ஹோல்டரைத் திறந்து பார்த்து, எர்த் போல்ட்டை ஒரு முறை இறுக்கி, கிரீஸைப் புதுப்பியுங்கள். பின்னாளில் விளக்கு எரியாமல் போனால் முதலில் ஃபியூஸ், அடுத்து எர்த், அதன் பிறகு இணைப்பு என்ற வரிசையில் தேடுங்கள். விளக்கையே குறைசொல்லி மாற்றுவது கடைசியாக இருக்கட்டும்.