முகத்தில் கரும்புள்ளிகளும் சுருக்கங்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோல் முதுமையடைவது என்றாலே சுருக்கம்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. வெள்ளைத் தோலுடைய மக்களுக்கு அது பொருந்தும். மாநிறமும் கருநிறமும் கொண்ட நம் தோலில் மெலனின் நிறமி மிகுதியாக இருப்பதால், சுருக்கங்கள் பல ஆண்டுகள் பிந்தியே வருகின்றன. அதற்கு முன்பே கன்னத்திலும் நெற்றியிலும் கண்ணோரங்களிலும் புள்ளிகளும் திட்டுகளும் தோன்றிவிடுகின்றன. இவற்றை விரைவாகப் போக்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில் நாம் செய்யும் காரியங்கள், பல முகங்களில் வயதும் வெயிலும் செய்ததைக் காட்டிலும் பெரிய கேட்டை விளைவிக்கின்றன.

முதல் தவறு, முகத்தில் கறுப்பாக எது தெரிந்தாலும் அதை ‘மங்கு’ என்று ஒரே பெயரிட்டு அழைத்து, ஒரே மருந்தைத் தேடுவது. மங்கு என்பது பெரும்பாலும் இரு கன்னங்களிலும் ஒத்த வடிவில் படரும் பழுப்புத் திட்டு; ஹார்மோன் மாற்றங்களுக்கும் வெயிலுக்கும் அதில் பங்குண்டு. வயதால் வரும் புள்ளியோ, பல ஆண்டுகள் வெயில் பட்ட முகத்திலும் புறங்கையிலும் தெளிவான விளிம்புடன் தட்டையாக இருக்கும். மெழுகுத் துளியை ஒட்டவைத்தாற்போல் தோலுக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்பது வேறொரு வகை. அது தீங்கற்ற வளர்ச்சிதான் என்றாலும் எந்தக் களிம்பாலும் கரையாது. கழுத்தின் பின்புறம் தடித்து, வெல்வெட் துணியைப் போலக் கறுத்திருந்தால், அழுக்கென்று எண்ணி அதை நாரால் தேய்த்துக்கொண்டிருப்பதை விட்டு, சர்க்கரை அளவைப் பரிசோதிப்பதே அறிவுடைமை. உடலில் இன்சுலின் சரிவரச் செயல்படாததன் அடையாளமாக அது இருக்கக்கூடும். நரைக்குச் சாயம் பூசும் வயதில் நெற்றியின் ஓரத்திலும் காதின் முன்புறத்திலும் மெல்ல மெல்லக் கருமை படர்ந்தால், ஹேர் டையில் உள்ள பி.பி.டி. என்னும் வேதிப்பொருளின் ஒவ்வாமையையும் ஐயுற வேண்டும். அப்படிப்பட்டவர் சாயத்தை நிறுத்தாமல் எத்தனை களிம்பு மாற்றினாலும் பயனில்லை.

இதனோடு சேர்த்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கருந்தோலில் மெலனோமா என்னும் புற்றுநோய் அரிது. ஆனால் வரும்போது உள்ளங்காலிலோ நகத்தின் அடியிலோ வருவதே அதிகம். அந்த இடங்களில் புதிதாகத் தோன்றி வளரும் கறையையும், உடலில் எங்கிருந்தாலும் விளிம்பு ஒழுங்கற்று, நிறம் கலந்து, இரத்தம் கசியும் புள்ளியையும் தோல் மருத்துவரிடம் காட்டாமல் இருக்கக் கூடாது. மருவென்று நினைத்துச் சுண்ணாம்பு வைத்துச் சுட்டுவிடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதனால் தழும்பு விழுவது ஒருபுறமிருக்க, பரிசோதிக்கப்பட வேண்டிய வளர்ச்சியின் தடயமே அழிந்துபோகலாம்.

இரண்டாவது தவறுதான் எனக்கு மிகுந்த கவலை தருவது: மருத்துவரைக் கேட்காமல் ஸ்டீராய்டு களிம்புகளை முகத்தில் பூசுவது. 1975இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் கிளிக்மன், ஐசக் வில்லிஸ் ஆகிய இரு தோல் மருத்துவர்கள் நிறமி உருவாவதைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த டிரெட்டினாயின், அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் கலந்து நிறமியைக் குறைக்கும் வழியை வெளியிட்டார்கள். இத்தகைய கலவை இன்றும் பயனுள்ள மருந்தே. ஆனால் அது மருத்துவரின் கண்காணிப்பில் ஏறத்தாழ எட்டு வாரங்களுக்குப் பூசி நிறுத்த வேண்டியது. நம் ஊரிலோ வீரியம் மிக்க ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை, தெரிந்தவர் சொன்னார் என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கி, ஆண்டுக்கணக்கில் முகப்பூச்சாகவே பயன்படுத்துகிறார்கள். முதல் சில வாரங்களில் முகம் தெளிவதைப் பார்த்து நம்பிக்கை பிறக்கிறது. பிறகு தோல் மெலிகிறது, சிவந்த இரத்த நாளங்கள் தெரிகின்றன, பருக்களும் முடியும் முளைக்கின்றன. நிறுத்தினால் முகம் எரிந்து சிவப்பதால், நிறுத்தவும் முடியாமல் மீண்டும் அதையே பூசுகிறார்கள். புள்ளியைப் போக்கப் பூசியது தோலை மெலியச் செய்து, முதுமையை முன்கூட்டியே அழைத்துவந்துவிடுகிறது. இந்தியத் தோல் மருத்துவர்கள் இந்தப் பாதிப்புக்குத் தனிப் பெயரே இட்டிருக்கிறார்கள். 2018இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. ஆயினும் வாங்குபவர் விழிப்புடன் இல்லாவிட்டால் சட்டத்தால் மட்டும் முகத்தைக் காக்க முடியாது. ஹைட்ரோகுவினோனையும் மாதக்கணக்கில் தொடர்ந்தால் நீலங்கலந்த கருமை படிந்து, அது போகவே போகாத நிலை சிலருக்கு ஏற்படுகிறது. தயாரிப்பாளர் விவரமோ உள்ளடக்கமோ அச்சிடப்படாத சிவப்பழகுக் களிம்புகள் இன்னும் ஆபத்தானவை. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு வந்த நோயாளிகள் பலர் பாதரசம் மிகுந்த இத்தகைய களிம்புகளைப் பூசியிருந்ததை அங்குள்ள மருத்துவர்கள் 2023இல் கண்டறிந்தார்கள்.

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்ப்பதும் தீங்கற்றதன்று. அதன் அமிலம் தோலை எரிக்கிறது. சாறு பூசிய தோலில் வெயில் பட்டால் அந்த இடமே கறுத்துவிடுவதும் உண்டு. சர்க்கரை, உப்பு, பீர்க்கங்கூடு என எதனால் அழுத்தித் தேய்த்தாலும், எரிச்சலுற்ற கருந்தோல் மேலும் நிறமியைச் சுரந்தே பதில் சொல்லும்.

வெயில் தடுப்புக்கு வருவோம். “கறுத்த தோலுக்கு சன்ஸ்கிரீன் எதற்கு?” என்பது பரவலான கேள்வி. மெலனின் ஓரளவே காக்கும். நிறமித் திட்டுகளுக்கு ஆளாகும் தோலும் அதுவேதான். வீட்டுக்குள்ளும் வண்டிக்குள்ளும் இருந்தால் போதும் என்ற எண்ணமும் தவறு. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் படம் 2012இல் ஒரு மருத்துவ இதழில் வெளியானது. ஜன்னல் பக்கமாக இருந்த இடக் கன்னம் தடித்து, தொங்கி, ஆழமான மடிப்புகளுடன் இருக்க, வலக் கன்னம் பல ஆண்டுகள் இளமையாகத் தெரிந்தது. சுட்டெரிக்கும் புற ஊதா பி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்; தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதத்தைச் சிதைக்கும் புற ஊதா ஏ கதிரில் பெரும்பகுதி அதைக் கடந்துவிடும்.

ஆஸ்திரேலியாவின் நம்பூர் நகரில், 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரிடம் நான்கரை ஆண்டுகள் நடத்திய ஆய்வின் முடிவு 2013இல் வெளியானது. நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோல், விருப்பப்பட்டபோது மட்டும் பூசியவர்களின் தோலைவிட 24 சதவீதம் குறைவாகவே முதுமையடைந்திருந்தது. அங்குள்ளவர்கள் வெள்ளைத் தோலினர் என்றாலும், நாள் தவறாமல் பூசுவதே பலன் தரும் என்பது நமக்கும் பொருந்தும். ஆனால் நாம் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கத் தடவிக்கொள்கிறோம். முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல்களின் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு தேவை. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். சன்ஸ்கிரீன் உறையில் காணும் எஸ்.பி.எஃப். என்னும் பாதுகாப்பு எண் பெரும்பாலும் பி கதிரையே குறிப்பதால், ஏ கதிரையும் தடுக்கும் என்று உறையில் குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மங்கு உள்ளவர்களுக்கு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும் இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீனே சிறந்தது. குடையும் சேலைத் தலைப்பும்கூட மதிப்புள்ள தடுப்புகள்.

சுருக்கத்துக்குச் சான்றுள்ள பூச்சு மருந்து டிரெட்டினாயின். அதில் நடக்கும் தவறு பொறுமையின்மைதான். முதல் வாரமே நிறையப் பூசி, தோல் உரிந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். இரவில், பட்டாணி அளவில், வாரத்துக்கு இரண்டு நாளில் தொடங்கி மெல்லக் கூட்டினால், மூன்று முதல் ஆறு மாதங்களில் மாற்றம் தெரியும். கருவுற்ற பெண்கள் இதைத் தொடவே கூடாது.

லேசர் சிகிச்சையை நாடுவோர் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: நம் தோல் நிறத்தில் அதைச் செய்து பழகிய தோல் மருத்துவரா அவர்? வெப்பம் மிகுந்தால் புள்ளி இருந்த இடத்தில் முன்னைவிட அடர்ந்த கருமை படரக்கூடும். ஆகவே காதோரம் ஒரு சிறு இடத்தில் சோதித்து, சில வாரங்கள் பொறுத்துப் பார்த்த பிறகே முகத்தில் செய்துகொள்வது நல்லது.