நீலகிரியில் காட்டு நாப்வீட்: தொட்டியில் வளர்க்கும் முறை

பெரிய நாப்வீட் எனப்படும் சென்டாரியா ஸ்கேபியோசா, ஐரோப்பாவின் சுண்ணாம்புப் பாறை நிலங்களில், வெயில் விழும் வறண்ட புல்வெளிகளிலும் சாலையோர மேடுகளிலும் தானாக முளைத்து ஆண்டுக்கணக்கில் நிலைத்து நிற்கும் செடியாகும். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த இது இரண்டு முதல் மூன்று அடி உயரம் வளர்ந்து, ஊதா கலந்த இளஞ்சிவப்பு நிறத்தில் பூக்கும். ஊட்டியின் குளிர் இதற்கு ஒத்துப்போகும் என்பதால் மண்ணும் ஒத்துப்போகும் என்று எண்ணிவிடக் கூடாது. தேயிலை செழிக்கும் மண் அமிலத்தன்மை மிக்கது. அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு அதில் பெரும்பாலும் 4.5-க்கும் 5.5-க்கும் இடையில் இருக்கும். நாப்வீட்டுக்கோ நடுநிலையான அல்லது சற்றே காரமான மண்தான் வேண்டும். ஆகவே இதைத் தோட்டத்து மண்ணில் இறக்காமல் தொட்டியில் வளர்ப்பதே சரி. அதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தொட்டி அகலமாக இருப்பதைவிட ஆழமாக இருப்பது முக்கியம். இச்செடியின் ஆணிவேர் நேராகக் கீழே இறங்கும் இயல்புடையது. குறைந்தது ஒன்றரை அடி ஆழம் இல்லாவிட்டால் அடியில் சுருண்டு கொள்ளும், பிறகு மேலே எவ்வளவு கவனித்தாலும் செடி தேறாது. அதே காரணத்தால் நாற்றைப் பிடுங்கி மாற்றி நடுவதையும் தவிர்க்க வேண்டும். தோட்ட மண் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய இலையுரம் அரைப் பங்கு போதும். அமிலத்தன்மையைத் தணிக்க, கேரட், உருளைக்கிழங்கு வயல்களுக்குப் போடும் டோலமைட் தூளை, 20 லிட்டர் கலவைக்கு ஒரு கைப்பிடி வீதம் சேர்த்துக் கிளறி, நனைத்து, மூன்று வாரம் ஆறவிட வேண்டும். வெள்ளையடிக்க வாங்கிய சுண்ணாம்பை இதற்குப் பயன்படுத்தினால் வேர் வெந்துவிடும். தொழுவுரத்தை அள்ளிப் போடுவதும் நல்லதல்ல; ஊட்டம் மிகுந்தால் தண்டு கொழுத்துச் சாய்ந்துவிடும்.

உறைபனிக் காலம் முடியும் பிப்ரவரியில் விதைத்தால், மழை பிடிப்பதற்குள் வேர் ஊன்றிக் கொள்ள அவகாசம் கிடைக்கும். தொட்டிக்கு நான்கைந்து விதைகளைத் தூவி, அவை மறையும் அளவுக்கு மட்டும் மண் மூடினால், இரண்டு முதல் நான்கு வாரங்களில் முளை தெரியும். அவற்றில் திடமான ஒன்றை விட்டு மற்றவற்றை மண்ணை ஒட்டிக் கிள்ளிவிடலாம். வளர்ந்த இலை, முள்ளங்கி இலையைக் கத்தரியால் ஆழமாக வெட்டிவிட்டாற்போல இருக்கும். முதலாண்டில் இலைக்கொத்து தரையோடு படர்ந்து கிடக்குமே தவிர, பூவை எதிர்பார்க்கக் கூடாது.

பனியைவிட மழைதான் இதற்கு எதிரி. கூடலூர், ஊட்டிப் பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையிலும் தொட்டியைக் கூரை ஓரத்துக்கு மாற்றி, அடியில் இரண்டு செங்கல் வைத்து நீர் வடிய வழி செய்ய வேண்டும். இல்லையேல் நாற்றழுகல் வந்துவிடும். மற்ற நாட்களில், விரலை இரண்டாம் கணு வரை விட்டுப் பார்த்து, ஈரம் படவில்லையென்றால் மட்டும் நீர் ஊற்றலாம். இது பூக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் இங்கிலாந்தின் பகல் 16 மணி நேரத்துக்கு நீளும். நம் மலையில் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தை எட்டாது. இருக்கும் வெளிச்சத்தையும் நிழலில் வைத்துக் குறைத்துவிடாமல், நாள் முழுதும் வெயில் படும் மூலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மொட்டைக் கையில் ஏந்திப் பார்ப்பது தனி அனுபவம். பச்சைச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்க, ஒவ்வொன்றின் விளிம்பிலும் கண்ணிமை மயிர்போலக் கருநிற இழைகள் ஓடும். விரிந்த பூவின் வெளிவட்டத்தில் நீண்டு நிற்பவை விதை தராதவை; பூச்சிகளை அழைப்பதே அவற்றின் வேலை. நடுவில் உள்ள சிறு பூவொன்றை ஊசி நுனியால் மெல்லத் தொட்டால், மகரந்தத்தாள்களின் காம்புகள் சுருங்க, உள்ளிருந்து மகரந்தம் பிதுங்கி வெளிவரும். தேனீயின் கால் பட்டாலும் நடப்பது இதுவே.

இனி அந்த இன்னொரு காரணம். இதன் நெருங்கிய உறவான புள்ளி நாப்வீட், ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவுக்குச் சென்று, அங்குள்ள மேய்ச்சல் நிலங்களைப் பெருமளவில் ஆக்கிரமித்துக் கொண்டது. சீகை (வாட்டில்) மரமும் உண்ணிச்செடியும் நம் சோலைகளையும் புல்வெளிகளையும் என்ன பாடு படுத்துகின்றன என்பது நாம் அறிந்ததே. இன்னொரு விருந்தாளியை மலைக்குள் அவிழ்த்துவிட வேண்டாம். வெளிநாட்டு விதையை, 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை கேட்கும் இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவருவதும் கூடாது. பூ வாடத் தொடங்கியதும் தலையைக் கத்தரித்து, உரக்குழியில் போடாமல் எரித்துவிட வேண்டும். அடுத்த ஆண்டுக்கு விதை தேவையென்றால், ஒரே ஒரு தலைக்கு மெல்லிய துணிப்பை கட்டி, தண்டு பழுப்பேறியதும் பையோடு அறுத்து வீட்டுக்குள் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் பிப்ரவரி வரை வைத்திருக்கலாம்.